சகீனாவுக்கு நோய்ப்பெயர் எழுதலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு முதுகலை மாணவி. இந்தியப் பிரிவினைக் கதைகளில் மனவடுவும் அடையாள இழப்பும் என்ற தலைப்பில் ஆய்வேடு எழுதுகிறார். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் கதைமாந்தர்களான சகீனா, பிஷன் சிங் இருவருக்கும் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) இருந்தது என்று நோய்க்குறிகளை வரிசைப்படுத்தி நிறுவும்படி வழிகாட்டி சொல்லியிருக்கிறாராம். ஒரு மனநல மருத்துவர் இதை ஏற்பாரா என்பது கேள்வி. கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல இன்னொரு வரியும் இருக்கிறது. அவருடைய அம்மம்மா 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கொழும்பிலிருந்து வெளியேறியவர். அந்த நாட்களைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை. இந்தக் கதைகளைப் படித்தபின் அவரிடம் கேட்கத் தோன்றுகிறது, கேட்கலாமா என்கிறார். நோயாளி எழுந்து கதவுவரை போய், கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பிச் சொல்வதுதான் பெரும்பாலும் அவர் வந்த காரியமாக இருக்கும். ஆகையால் முதல் கேள்விக்கு நீட்டி முழக்கினாலும் நான் போய்ச் சேர நினைக்கும் இடம் இரண்டாவது கேள்விதான்.

நான் இருபத்து நான்கு ஆண்டுகளாக மனநல மருத்துவன். பெரும்பகுதி தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் கழிந்தது. நடுவில் சில ஆண்டுகள் மாதம் இருமுறை இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவந்தேன். இலக்கியத்தை முறையாகப் பயின்றவன் இல்லை. உருது தெரியாது, மண்ட்டோவையும் ராஜிந்தர் சிங் பேடியையும் மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். எனவே சொல்லாட்சி பற்றி நான் சொல்வதை உருது அறிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நோய் பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: சகீனாவுக்கு அந்தப் பெயரைத் தயங்கித் தயங்கி எழுதலாம். பிஷன் சிங்குக்கு எழுதவே கூடாது. 'அடையாள இழப்பு' என்ற தொடரை இருவர் விஷயத்திலும் நான் பயன்படுத்தமாட்டேன். இந்தக் கதைகளில் யாரும் அடையாளத்தை இழப்பதில்லை; வேண்டாத ஓர் அடையாளத்தை யாரோ அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். உங்கள் ஆய்வேடு எழுதப்போகும் நோய்ப்பெயரும் அப்படிக் கட்டப்படுகிற ஒன்றாக மாறிவிடக்கூடும். அதுதான் என் கவலை.

பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஏறியது 1980-ல். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலையும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பேசியவர்களின் உழைப்பும் அதற்குப் பின்னால் இருந்தன. மண்ட்டோ 'கோல் தோ' கதையை எழுதியது 1948-ல். 'கோல் தோ' என்றால் 'திற'. அதை வெளியிட்ட லாகூர்ப் பத்திரிகைக்கு ஆறு மாதம் தடை விழுந்தது. மருத்துவம் பெயர் கண்டுபிடிப்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கதாசிரியர் அந்த நிலையைப் பார்த்து எழுதிவிட்டார் என்று பெருமைப்படலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தபோது, கதை செய்வதும் கையேடு செய்வதும் வேறு வேறு வேலைகள் என்று பட்டது. கையேடு ஒருவருடைய தலைக்குள் என்ன பழுதாகியிருக்கிறது என்று கேட்கிறது. கதை அந்த அறையில் இருக்கும் எல்லோரையும் பார்க்கிறது.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமிர்தசரஸிலிருந்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிய ரயில் எட்டு மணி நேரம் கழித்து லாகூரை ஒட்டிய முகல்புராவை அடைகிறது. வழியில் பலர் கொல்லப்படுகிறார்கள். மறுநாள் முகாமில் கண்விழிக்கும் கிழவர் சிராஜுத்தீனுக்கு மகள் சகீனாவைக் காணவில்லை. ஓடும்போது அவளுடைய துப்பட்டா கீழே விழுந்தது, அதை எடுக்கத் தான் குனிந்தது, விடுங்கள் அப்பா என்று அவள் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. கோட்டுப் பையைத் தடவுகிறார். துப்பட்டா இருக்கிறது. லாரியும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்ப் பெண்களை மீட்டுவரும் தொண்டர்கள் எட்டுப் பேரிடம் மகளின் அடையாளங்களைச் சொல்கிறார். அழகி, வலது கன்னத்தில் பெரிய மச்சம். அவர்கள் சகீனாவைக் கண்டுபிடிக்கிறார்கள், பால் கொடுக்கிறார்கள். துப்பட்டா இல்லாமல் கூசிப்போய் அவள் கைகளால் மார்பை மூடிக்கொண்டிருக்க, ஒருவன் தன் மேல்கோட்டைக் கழற்றித் தருகிறான். சில நாட்களுக்குப் பின் ரயில்பாதை ஓரம் மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணை முகாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவருகிறார்கள். சிராஜுத்தீன் பின்னாலேயே போகிறார். விளக்கைப் போட்டதும் வெளிறிய முகத்தில் மச்சம் தெரிகிறது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, ஜன்னலைத் திற என்று கிழவரிடம் சொல்கிறார். பிணம் போலக் கிடந்தவளின் கைகள் அசைகின்றன. சல்வாரின் நாடாவை அவிழ்த்துக் கீழே தள்ளுகின்றன. என் மகள் உயிரோடிருக்கிறாள் என்று தகப்பன் சந்தோஷத்தில் கத்துகிறார். டாக்டருக்குத் தலை முதல் கால் வரை வியர்த்துப்போகிறது.

இதில் எதை நிச்சயமாகச் சொல்லலாம்? 'திற' என்ற சொல்லுக்கு அவளிடம் ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. ஜன்னல், கதவு, டப்பா, புத்தகம் எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டன. ஒரு தூண்டல், அதற்கு யோசனை குறுக்கிடாத உடலின் எதிர்வினை. இதை மருத்துவம் நன்றாக அறியும். சந்தேகத்துக்குரியது, இதை நோய் என்று சொல்லலாமா என்பது. நோயைத் தீர்மானிக்கக் குறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஆபத்து நீங்கிய பிறகும் உடல் ஆபத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ள வேண்டும். சகீனாவுக்கு ஆபத்து எங்கே நீங்கியது? சில மணி நேரத்துக்கு முன்புவரை அந்தச் சொல்லுக்கு அவள் செய்தது அதைத்தான். செய்யாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கைகள் செய்தது பிழைப்பதற்காகக் கற்றுக்கொண்ட காரியம். கேட்பீர்களென்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அரைமயக்கத்தில் இவ்வளவு நேர்த்தியான அசைவை நான் கண்டதில்லை. அது கதையின் கைவண்ணம்.

நோய்க்குறிப் பட்டியல் போடுகிறவர்கள் தவறவிடுவது இரண்டு விஷயங்களை. ஒன்று, அந்த எட்டுப் பேரும் அவளுடைய சொந்த மதத்தவர்கள், அவள் தரப்பைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள். எதிரி மதத்தான் செய்தான் என்று சொல்லி முடித்துவிட இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. இன்னொன்று அந்தத் துப்பட்டா. கதையின் தொடக்கத்தில் தகப்பன் மகளின் மானத்தைக் காக்கிறோம் என்று குனிந்து எடுத்தது அது. அதுவே அவருடைய பையில் கிடக்க, மகள் எட்டு ஆண்களுக்கு நடுவே கையால் மார்பை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மனவடு என்ற தலைப்பில் நூறு பக்கம் எழுதினாலும் இந்தத் துணியைப் பற்றி ஒரு பக்கம் இல்லையென்றால் கதையைப் படித்ததாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்தக் கதை என்னிடம் செய்த ஒரு மாற்றத்தையும் சொல்கிறேன். முன்பெல்லாம் பரிசோதனை அறையில், படுங்கள், துணியை விலக்குங்கள், வாயைத் திறங்கள் என்று மூச்சுவிடாமல் உத்தரவு போடுவேன்; எல்லா டாக்டர்களும் அப்படித்தான். படித்த பிறகு, என்ன செய்யப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்கிறேன். நான் போய்வந்த இலங்கைத் தமிழர் முகாமில் இதன் தேவை கண்ணுக்கே தெரிந்தது. நாங்கள் உட்கார்ந்த அறைக்குத் தகரக் கதவு. காற்றில் அது படார் என்று சாத்திக்கொண்டபோது வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் குனிந்துவிட்டார்கள். அடுத்த நொடி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்தக் கையேட்டிலும் கிடையாது.

அங்கே யாரும் மனசு சரியில்லை என்று வந்ததில்லை. நெஞ்சு பதைக்கிறது, கைகால் உளைகிறது, பெருமூச்சு வருகிறது, தலைக்குள் எறும்பு ஊர்கிறது என்றுதான் வந்தார்கள். பெருமூச்சை ஒரு நோயாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. இலங்கையில் பணிபுரிந்த மனநல மருத்துவர்கள் இதை வெகுகாலம் முன்பே பதிவுசெய்திருக்கிறார்கள். மனவடு என்ற சொல்லை நானும் ஈழத்தவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். ஒரு மூதாட்டியிடம் சொந்த ஊர் எது என்று கேட்டேன். ஆளை இனம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் தன் கொட்டகை எண்ணைச் சொன்னார். ஊரை மறந்துவிட்டாரா என்று எனக்குச் சந்தேகம். நினைவாற்றல் சோதனைக்கு ஆயத்தமானேன். பக்கத்திலிருந்த மருமகள் தணிந்த குரலில் விளக்கினார்: பதிவேடு வைத்துக்கொண்டு கேட்பவர்கள் எல்லோருக்கும் அந்த எண்தான் வேண்டியிருந்தது, அதனால் மாமி அதையே சொல்லப் பழகிவிட்டார் என்று. என் மேசையிலும் ஒரு பதிவேடு திறந்திருந்தது.

இப்போது பிஷன் சிங். 'டோபா டேக் சிங்' கதையைப் பற்றி எழுதுகிற பல மாணவர்கள் பிரிவினையின் அதிர்ச்சியால் அவருக்குப் புத்தி பேதலித்தது என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் வழிகாட்டியும் அப்படி நினைத்திருந்தால், கதையை எடுத்து அவர் முன் வையுங்கள். பிரிவினைக்குப் பின் இரு நாடுகளும் மனநோய் விடுதிகளில் இருப்பவர்களை மதவாரியாகப் பரிமாறிக்கொள்ள முடிவெடுப்பதுதான் கதை. பிஷன் சிங்கைச் சங்கிலியால் கட்டிக் கொண்டுவந்து லாகூர் மனநோய் விடுதியில் விட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. பிரிவினை வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர் உள்ளே போய்விட்டார். படுக்காமல் நின்றுகொண்டே இருந்து கால்கள் வீங்கிக் கிடக்கின்றன. உறவினர் பார்க்க வரும் நாள் மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். அன்று குளித்து, எண்ணெய் தேய்த்து, தலைவாரிக்கொள்வார். பிரிவினைக்குப் பின் யாரும் வருவதில்லை. அந்த உள்ளுணர்வும் அவரைக் கைவிடுகிறது. அவருக்குப் புதிதாக வந்தது இந்த ஒரு குறைதான்.

அவர் பேசுகிற அர்த்தமற்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். 'ஓப்பர் தி குர்குர் தி அனெக்ஸ் தி பேத்யானா தி முங் தி தால்' என்று ஓடி லாந்தர் விளக்கில் முடியும் பிதற்றல் அது. வகுப்பில் இதைச் சொற்குழப்பம் என்று குறித்துக்கொண்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுவோம். மண்ட்டோ போகவில்லை. வாக்கியத்தின் வால் மாறுவதைக் காட்டுகிறார். லாந்தர் இருந்த இடத்தில் பாகிஸ்தான் கவர்ன்மென்ட் வந்து உட்காருகிறது. பிறகு அதுவும் போய் டோபா டேக் சிங் கவர்ன்மென்ட் வருகிறது. விடுதியிலேயே உலக விவகாரத்தை உன்னிப்பாகத் தொடர்ந்துகொண்டிருப்பவர் இவர்தான். தன் ஊரான டோபா டேக் சிங் எந்த நாட்டில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறார். எவருக்கும் பதில் தெரியவில்லை. ஊர்ப்பெயரே நாளடைவில் அவருடைய பெயராகிவிட்டது.

உண்மையில் நடந்ததும் இதற்கு வெகுதூரமில்லை. மனநோய் விடுதிகளில் இருந்தவர்களை இரு அரசுகளும் மதவாரியாகப் பிரித்து 1950-ல் பரிமாறிக்கொண்டன. லாகூரிலிருந்து நூற்றுக்கணக்கான இந்து, சீக்கிய நோயாளிகள் அமிர்தசரஸ் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மண்ட்டோவும் அந்த லாகூர் விடுதிக்குள் இருந்தவர். 1950களின் தொடக்கத்தில் குடியை நிறுத்துவதற்காக அங்கே சேர்க்கப்பட்டார். இதிலிருந்து கதை முழுவதும் அவர் கண்ணால் கண்டது என்று தாவிவிடாதீர்கள். விடுதியின் உள்ளே எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது முடிவை: இரு நாட்டு முள்வேலிகளுக்கும் நடுவே, பெயரில்லாத மண்ணில் பிஷன் சிங் விழுந்துகிடப்பதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன் வரும் ஓர் இடம். பழைய முஸ்லிம் நண்பர் ஃபசல் தீன் பார்க்க வருகிறார். உன் வீட்டார் எல்லோரும் நல்லபடியாக இந்தியா போய்ச் சேர்ந்தார்கள், முடிந்த உதவியைச் செய்தேன் என்கிறார். உன் மகள் ரூப் கௌர் என்று ஆரம்பித்தவர் நின்றுவிடுகிறார். பிறகு, அவளும் நன்றாக இருக்கிறாள் என்று முடிக்கிறார். அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தில் என்ன இருக்கிறது என்று கதை சொல்வதில்லை. மனவடுவைத் தேடுகிறீர்களானால், பிஷன் சிங்கின் வீங்கிய கால்களில் தேட வேண்டாம். நல்ல மனமும் தெளிந்த புத்தியும் உள்ள ஃபசல் தீனின் தொண்டையில் அது சிக்கி நிற்கிறது.

உங்கள் பட்டியலில் பேடியின் 'லாஜ்வந்தி' இல்லாதது எனக்கு ஆச்சரியம். மனவடு, அடையாளம் இரண்டையும் ஒரே கதையில் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான். லாஜ்வந்தி என்பது பெண்ணின் பெயர். நம் ஊர்த் தொட்டாற்சிணுங்கிக்கும் அங்கே அதுவே பெயர். கணவன் சுந்தர்லால் முன்பு அவளை அடிப்பவன். அவள் கடத்தப்பட்டபின் மனம் மாறி, மீட்கப்பட்ட பெண்களை மனதில் குடியமர்த்துங்கள் என்று விடியற்காலையில் தெருத்தெருவாகப் பாடிப்போகும் கமிட்டிக்குச் செயலாளராகிறான். வாகா எல்லையில் பெண்கள் பரிமாறிக்கொள்ளப்படும்போது அவளும் திரும்பி வருகிறாள். துப்பட்டாவை முஸ்லிம் பெண்கள் வழக்கப்படி இடது பக்கம் வீசிப் போட்டிருக்கிறாள், அவசரத்தில் மாற்றிக்கொள்ளவில்லை. உடம்பு மெலியாமல் முன்னைவிடத் தேறியிருக்கிறது. அது அவனை உறுத்துகிறது. ஆனாலும் ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொள்வதோடு நிற்காமல் தேவி என்று அழைக்க ஆரம்பிக்கிறான். அவள் நடந்ததைச் சொல்ல வாயெடுக்கிறாள். ஒரு தடவை கேட்கிறான்: அவன் யார், உன்னை அடித்தானா என்று. அடிக்கவில்லை, ஆனாலும் அவனிடம் பயமாக இருந்தது, நீங்கள் அடித்தபோதுகூட உங்களிடம் அந்தப் பயம் இருந்ததில்லை, இனி அடிக்கமாட்டீர்களே என்கிறாள். மாட்டேன் தேவி என்று கண்கலங்குகிறான். பழையதை விட்டுவிடுவோம் என்று பேச்சை முடித்துவிடுகிறான். அவளுக்கு வேண்டியது தேவி பட்டமில்லை. சண்டையும் சமாதானமுமாக வாழ்ந்த பழைய லாஜோவாக மறுபடி இருக்க வேண்டும். வீடு கிடைத்துவிட்டது, அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லை.

அந்தக் காலத்துச் சட்டமும் சுந்தர்லாலைப் போலத்தான் நடந்துகொண்டது. கடத்தப்பட்டவர்களை மீட்கும் சட்டம் 1949-ல் இந்தியாவில் வந்தது. அன்றைய அரசுத் தரப்பு மதிப்பீடு இந்தியப் பக்கம் சுமார் 50,000 முஸ்லிம் பெண்கள், பாகிஸ்தான் பக்கம் சுமார் 33,000 இந்து, சீக்கியப் பெண்கள். 1947 மார்ச் 1-க்குப் பின் மாற்று மதத்து ஆணோடு இருக்கிற பெண் கடத்தப்பட்டவளாகவே கருதப்பட்டாள். போக மாட்டேன் என்று அவள் சொன்னாலும் அது கணக்கில் வராது. அவளுடைய மதம் அவள் எந்த நாட்டுக்காரி என்பதைத் தீர்மானித்தது. நாடு அவள் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. மீட்பே இரண்டாவது கடத்தலாக அமைந்த பெண்கள் உண்டு என்பதைப் பின்னாளில் ஊர்வசி புட்டாலியா, ரிது மேனன், கம்லா பாசின் போன்றோர் அவர்களிடமே பேசிப் பதிவுசெய்தார்கள். அந்தப் புத்தகங்கள் 1998-ல் வந்தன. அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

மனவடு என்றால் சொல்லில் அடங்காதது என்ற கோட்பாடு 1990களில் அமெரிக்க இலக்கியத் துறைகளில் உருவாகி நம் பல்கலைக்கழகங்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் வழிகாட்டியின் மேசையிலும் அது இருக்கும். அதிர்ச்சி நினைவில் பதியாமல் நழுவிவிடும், ஆகவே சொல்ல முடியாது என்பது அதன் சாரம். இதை மாற்றமுடியாத உண்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவு பற்றி ஆராய்ந்த உளவியலாளர்கள் பலர் இதை மறுத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நடந்தது மறப்பதில்லை, மறக்க முடியாமல்தான் தவிக்கிறார்கள். நான் பார்த்தவர்களும் அப்படியே. லாஜ்வந்திக்கு எல்லாம் நினைவிருக்கிறது, சொல்லவும் வாய் இருக்கிறது. காதுதான் இல்லை. அவளைத் தேவி என்று கூப்பிட்ட கணத்தில் சுந்தர்லால் காதை மூடிக்கொண்டுவிட்டான். தேவிக்கு இப்படியெல்லாம் நடந்திருக்க முடியாதல்லவா! உங்கள் தலைப்பின் இரண்டு பாதிகளும் இங்கேதான் ஒட்டுகின்றன. எதிரில் இருப்பவர் என்ன பெயர் வைக்கிறாரோ, அந்தப் பெயருக்குப் பொருந்துகிற அளவு மட்டுமே அவளால் பேச முடிகிறது.

தமிழிலிருந்து ஒரு நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலிந்து இழுக்கவில்லை, அது இந்த வரிசையில் இருக்க வேண்டியது. செகந்திராபாதில் பிறந்து வளர்ந்த அசோகமித்திரன் எழுதிய '18வது அட்சக்கோடு', 1977-ல் வந்தது. நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலம், நிஜாமுக்கு ஆதரவான ரஜாக்கர் ஆயுதப்படை பற்றிய பயம், ரயில்வே ஊழியரின் பிள்ளையான சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன். அவன் உலகம் கிரிக்கெட்டும் கல்லூரியும்தான். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தபின் காற்று திசைமாறுகிறது. இதுவரை பயந்தவர்கள் அடிக்கிறார்கள், அடித்தவர்களின் மதத்தில் பிறந்த ஏழைகள் அடிபடுகிறார்கள். கலவரத்தின் நடுவே ஓடும் சந்திரசேகரன் சுவரேறிக் குதித்து ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் விழுகிறான். நடுங்கிக்கொண்டு ஒரு குடும்பம். அதிலிருந்து ஒரு பெண், எலும்பும் தோலுமான சிறுமி, முன்னால் வந்து மற்றவர்களை விட்டுவிடும்படி வேண்டித் தன் உடையைக் களைகிறாள். அவனுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஓடுகிறான்.

சகீனாவையும் இந்தப் பெண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சகீனாவின் கைகள் யோசிக்காமல் செய்ததை இவள் யோசித்து, பேரமாகச் செய்கிறாள். சகீனாவுக்கு எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. இவளுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை, ஆனால் நடக்கும் என்று தெரிந்திருக்கிறது. கேள்விப்பட்டதிலிருந்தே அவள் உடல் கற்றுக்கொண்டுவிட்டது. சந்திரசேகரன் வாழ்நாளில் யாரையும் வெட்டியவன் இல்லை. அவன் யார் என்பதை அந்தப் பெண்ணின் பார்வை தீர்மானித்துவிடுகிறது. அவன் இந்து, சுவரேறி வந்த ஆண். வேறெதுவும் அங்கே செல்லாது. அந்தக் குமட்டலை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பாதிக்கப்பட்டவன் என்றா, பாதிப்பை உண்டாக்கியவர்கள் பக்கத்தைச் சேர்ந்தவன் என்றா? எனக்கு இதற்குத் திட்டமான விடை இல்லை, நாவலும் தரவில்லை. ஒரு தகவல்: அந்நாளைய ஹைதராபாத் வன்முறையை விசாரிக்க நேரு அனுப்பிய குழு, இறந்தவர்கள் 27,000 முதல் 40,000 வரை என்று மதிப்பிட்டது. அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. அந்தக் குழுவின் தலைவர் பெயரும் சுந்தர்லால்தான். தற்செயல், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வேட்டுக்கு என் யோசனை இது. நோய்க்குறிப் பட்டியலை வேண்டுமானால் ஓர் அத்தியாயத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வழிகாட்டியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அதில் பிஷன் சிங்கைச் சேர்க்காதீர்கள். அவருடையது பழைய, நாட்பட்ட மனநோய், அதற்கு மேல் துல்லியமாகக் கதையை வைத்துச் சொல்ல முடியாது. சகீனாவைப் பற்றி எழுதும்போது நோய் என்ற சொல்லுக்குப் பதில் எதிர்வினை என்று எழுதுங்கள். அடுத்த அத்தியாயத்தில், ஒவ்வொரு கதையிலும் யார் பேச வந்தார், யார் கேட்க மறுத்தார், கேட்கும்போது எந்தப் பெயரால் அழைத்தார் என்று பாருங்கள். ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர் ஒரு மருத்துவராக இருந்தால் இந்த இரண்டாவது அத்தியாயத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்.

இனி அம்மம்மா. நடந்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் குறையும் என்று சினிமா சொல்கிறது. மருத்துவத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் செய்கிற ஒரே அமர்வு முறை இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, சிலருக்குக் கூடுதலாகப் பாதிப்பும் இருந்தது. ஆகவே, சொல்லுங்கள் அம்மம்மா, ஆய்வுக்கு வேண்டும் என்று செல்பேசியில் பதிவை ஓடவிட்டுக்கொண்டு போய் உட்காராதீர்கள். அந்த நிமிடம் அவர் உங்கள் அம்மம்மாவாக இல்லாமல் 83-ல் தப்பி வந்தவராக ஆகிவிடுவார். இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்ததையும் நோய் என்று எண்ண வேண்டாம். உங்கள் அம்மாவை வளர்க்க அந்த மௌனம் தேவைப்பட்டிருக்கலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வெடிச்சத்தத்துக்கும் ஆள்கூட்டத்துக்கும் அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறார் என்றால் அது வேறு. மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போங்கள், இந்த வயதிலும் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஜூலையிலிருந்து தொடங்காதீர்கள். அதற்கு முந்திய முப்பது நாற்பது வருட வாழ்க்கை அவருக்கு அங்கே இருந்தது. அதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கீரை ஆயும்போதோ தேங்காய் துருவும்போதோ பக்கத்தில் உட்காருங்கள். கொழும்பில் மீன் எந்தச் சந்தையில் வாங்குவீர்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களோடு என்ன மொழியில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, ஃபசல் தீனைப் போல நடுவில் நிறுத்தினால், அந்த இடத்தைத் தோண்ட வேண்டாம். கீரையை ஆய்ந்துகொண்டிருங்கள். அவரே தொடர்ந்தாலும் சரி, உலை கொதிக்கிறது பார் என்று எழுந்துபோனாலும் சரி.